மகனைப் பராமரிக்கக் கிடைக்கும் ஊதியத்துக்கு வருமான வரி உண்டா?

கேள்வி:
வணக்கம். கலிபோர்னியாவில் வசிக்கிறோம். ஆட்டிசம் உள்ள என் 19 வயது மகனைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, இரவில் கண்விழித்துப் பார்த்துக்கொள்வது எல்லாம் நானே செய்வதால், ஐஎச்எஸ்எஸ் என்னும் கலிபோர்னியாவின் வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில் எனக்கு மணிக்கணக்கில் ஊதியம் வருகிறது. ஆண்டு ஊதியத்தைக் காட்டும் டபிள்யூ-2 தாளில், வரிக்குரிய ஊதியம் வரும் 1-ஆம் பெட்டியில் அந்தத் தொகை இருந்ததால் சென்ற ஆண்டு வரி கட்டினோம். அது சரிதானா?

மறுமொழி 1:
மகன் உங்களோடு ஒரே வீட்டில் இருந்தால், கட்டியிருக்க வேண்டியதில்லை அம்மா. ஐஆர்எஸ் எனப்படும் அமெரிக்க வருமான வரித்துறையின் 2014-7 அறிவிப்பின்படி, பராமரிப்பவரும் பராமரிக்கப்படுபவரும் ஒரே வீட்டில் குடியிருந்தால், மெடிக்கெய்டு என்னும் அரசு மருத்துவ உதவித் திட்டம் வழியாக வரும் இத்தகைய ஊதியம் வரிக்கான மொத்த வருமானத்தில் சேராது. உறவைவிட, கூரை ஒன்றா என்பதையே பார்க்கிறார்கள். ஒரே வீட்டில் வசிப்பதாக உறுதிகூறும் எஸ்ஓசி 2298 படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பிறகு டபிள்யூ-2-இன் 1-ஆம் பெட்டியில் இத்தொகை வராது. ஏற்கெனவே கட்டியதைப் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் 1040-எக்ஸ் என்னும் திருத்தக் கணக்குப் படிவத்தில் திரும்பக் கேட்கலாம்.

மறுமொழி 2:
வரி இல்லையென்றால் குறைந்த வருமானத்தில் உழைப்போருக்கான வரிச்சலுகையும் (ஈஐடிசி) போய்விடுமோ என்று நானும் அஞ்சினேன். 2019-இல் ஃபெய் வழக்கில் வரி நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், அதே தொகையை அச்சலுகைக்குக் கணக்கில் கொள்ளலாம். எங்கள் கணக்காளர் தயங்கியதால், தீர்ப்பை அச்செடுத்து அவர் மேசையில் வைக்க வேண்டியிருந்தது. இன்னொன்று: பெற்றோருக்கு இந்த ஊதியத்தில் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியத் திட்டம்) பிடித்தம் இல்லை; ஆகவே ஓய்வூதியத்துக்கான கணக்கில் இவ்வுழைப்பு ஏறாது.