பள்ளிக்கூடத்து கக்கூசுக்கு தண்ணி லைன் வாங்க வழி சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி வேணும். எங்க ஊரு திருநெல்வேலி மாவட்டம் திசையன்விளை பக்கம், தேரிக்காட்டு (செம்மணல் மேடு) ஓரம். இங்க பள்ளிக்கூடத்துல பொம்பளப் பிள்ளைகளுக்கு கக்கூசு கட்டி டைல்ஸும் ஒட்டியாச்சு, ஆனா தண்ணி லைன் கிடையாது, போர் தண்ணி ஒரே உப்பு, பெரிய பிள்ளைக மாசத்துல அந்த நாள்ல பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டேங்குதுவ. தண்ணியும் கழிப்பறையும் மனுச உரிமைன்னு 2010லயே ஐநா சொல்லியாச்சு, 2030க்குள்ள எல்லாருக்கும் கெடைக்கணும்னு இலக்கும் வச்சிருக்காவ, கட்டடத்த மட்டும் கணக்குல எழுதுனா அது எப்படி சரியாவும்? மார்ச் 22 தண்ணி தினத்து கிராம சபைல தீர்மானம் போடணும்னு இருக்கோம். கூட்டுக் குடிநீர் லைன்ல இருந்து பள்ளிக்கூடத்துக்கு தனி கனெக்சன் வாங்குன ஊர்க்காரங்க யாரும் இருந்தா, தீர்மானத்த எப்படி எழுதுனிய, மனு யார்ட்ட குடுத்திய, மழைத்தண்ணி தொட்டி கட்டுனவங்களுக்கு கோடைலயும் தண்ணி நிக்கான்னு கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.