கம்ப்யூட்டர் எச்சரித்தது ஒன்றை, கோளாறு இருந்தது வேறொன்றில்

கோத்தகிரியில் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள். 2024 ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன்.

வந்தவர் டீ பேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 68. விடாத சாரல். பாஸ்புக்குகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஸ்வெட்டருக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் 15எச் படிவத்தைக் கொடுக்க மறந்ததால் வங்கியில் டிடிஎஸ், அதாவது வட்டியிலேயே வரி, பிடித்துவிட்டார்கள்; அதைத் திரும்ப வாங்க வேண்டும்.

வருமான வரியின் பழைய முறை, புதிய முறை இரண்டிலும் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். பழைய முறையில், வரிச்சலுகை தரும் முதலீடுகளுக்கான 80சி கட்டத்தில், சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் தபால் நிலையத்தில் அவர் போட்டிருந்த 20 லட்சத்தை அடித்தேன். உடனே மஞ்சள் பட்டை: வரம்பு மீறப்பட்டுள்ளது, 1,50,000 மட்டுமே ஏற்கப்படும். தினமும் பார்க்கிற எச்சரிக்கை என்பதால் மூடிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன். அவர் போகவில்லை.

“தம்பி, லிமிட் தாண்டிட்டேன்னு வருதே. நோட்டீஸ் வருமா? வேணும்னா பணத்தை எடுத்துடறேன்.”

கண்ணாடியைக் கழற்றி மப்ளர் நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றரை லட்சம் என்பது வரிச்சலுகைக்கு உள்ள வரம்பு. அதற்கு மேல் போட்ட தொகைக்குச் சலுகை கிடைக்காது, அவ்வளவுதான். தப்பு ஒன்றும் இல்லை. மூத்த குடிமக்களின் வட்டிக்கு 80டிடிபி பிரிவில் 50,000 வரை சலுகை என்பதும் அப்படித்தான். இதைச் சொல்லியிருக்காவிட்டால், ஐந்து வருட டெபாசிட்டை நடுவில் உடைத்து, அபராதமும் கட்டியிருப்பார்.

சரி என்று வட்டியைக் கூட்டத் தொடங்கினேன். அதே திட்டத்தில் தபால் நிலையத்தில் ஒன்று, வங்கியில் ஒன்று என்று இரண்டு பாஸ்புக். காலாண்டுக்கு ஒன்றில் 41,000, இன்னொன்றில் 24,600. ஆக 65,600. இந்தத் திட்டத்தில் ஒருவர் பெயரில் அதிகபட்சம் 30 லட்சம்தான் போடலாம். 2023 ஏப்ரலுக்கு முன்பு அதுவும் 15 லட்சம்தான். 8.2 சதவீதத்தில் 30 லட்சத்துக்குக் காலாண்டு வட்டி 61,500. அதற்கு மேல் வரவே கூடாது.

“ஐயா, வங்கியில் எவ்வளவு போட்டீங்க?”

“பன்னிரண்டு. தபால் ஆபீஸ்ல இருபது, அது வீட்டுக்காரம்மாவோட சேர்ந்து. பாதி அவங்களுது, அப்போ என்னது பத்துதானே?”

அவர் கணக்குப்படி 22 லட்சம். விதிப்படி அப்படி இல்லை. கூட்டுக் கணக்காக இருந்தாலும் முழுத் தொகையும் முதல் பெயருக்கே சேரும். தபால் நிலையம், வங்கி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வரம்பு. 32 லட்சம், அதாவது 2 லட்சம் கூடுதல். இதைத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. இதைப் பற்றி மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, ரிட்டர்னில் அதற்குக் கட்டமே கிடையாது. எனக்கே வட்டியை வைத்துத்தான் தெரிந்தது. மஞ்சள் பட்டையைப் பார்த்ததும் மேற்கொண்டு அடிக்காமல் நிறுத்தியது என் தவறு. முழுவதும் அடித்திருந்தால் 32 அங்கேயே கண்ணில் பட்டிருக்கும்.

அபராதம் இல்லை என்று முதலில் சொன்னேன். கூடுதல் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், அதற்கு 8.2க்குப் பதில் தபால் சேமிப்புக் கணக்கின் 4 சதவீதம்தான் கணக்காகும். ஆண்டுக்கு 8,400 ரூபாய் குறையும். அவருக்கு அது சின்னத் தொகை இல்லை, முகம் வாடிவிட்டது.

அப்புறம், வீட்டுக்காரம்மாவுக்கு வயது என்ன என்று கேட்டேன். 63. அவர் பெயரில் தனியாக 30 லட்சம் வரை போடலாமே!

இரண்டு வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். திரும்பி வந்த 2 லட்சத்தை அந்த அம்மா தன் பெயரில் போட்டிருந்தார். புது பாஸ்புக்கைக் கைப்பையிலிருந்து அவரே எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். அவர் பெயரில் மட்டும் இருக்கிற முதல் கணக்காம் அது.