ஹப்பர்ட் சொன்ன 1970: பலித்ததா, பொய்த்ததா?

பாறைப்பித்தன்:
"எண்ணெய் உச்சம் என்று வருடா வருடம் மாநாடு போட்டவர்கள் எல்லோரும் பொய்த்துப்போன சோதிடர்கள். ஷேல் எண்ணெய் வந்ததும் மூட்டை கட்டிவிட்டார்கள்" என்று வளைகோடு எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. எண்ணெய் உச்சம் என்றால், எடுக்கும் வேகம் ஒரு கட்டம்வரை ஏறி அப்புறம் இறங்குவது. 2002-ல் சுவீடனின் உப்சாலாவில் அந்த மாநாட்டைத் தொடங்கியவர்கள் யார்? காலின் கேம்பல் எண்ணெய் நிறுவனங்களுக்காக ஆயுள் முழுக்கப் பாறை தோண்டிய நிலவியலாளர். ஷெல் அலெக்லெட் இயற்பியல் பேராசிரியர். இவர்களா சோதிடர்கள்? இவர்களுக்கெல்லாம் முன்னோடியான அமெரிக்க நிலவியலாளர் ஹப்பர்ட் 1956-லேயே, அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1965-க்கும் 1970-க்கும் இடையில் உச்சம் தொடும் என்றார். அன்று சிரித்தார்கள். 1970-ல் தொட்டது. நாளொன்றுக்கு சுமார் 96 லட்சம் பீப்பாய். அதன்பின் இறக்கம்தான். இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

வளைகோடு:
பதில் ஒரே எண்: 2018. அந்த வருடம் அமெரிக்க உற்பத்தி நாளுக்கு ஒரு கோடியே 9 லட்சம் பீப்பாய். 2023-ல் ஒரு கோடியே 29 லட்சம். 1970-ஐத் தாண்டியாயிற்று. தாண்டப்பட்ட ஒன்றை உச்சம் என்று எப்படிச் சொல்வீர்கள்? கணிப்பு பொய்த்தது, அவ்வளவுதான்.

பாறைப்பித்தன்:
1970-லிருந்து 2008 வரை 38 வருடம். அலாஸ்கா எண்ணெய் குழாய்வழி வந்து சேர்ந்தும்கூட 96 லட்சம் என்பது 50 லட்சமாகக் கரைந்தது. அந்த 38 வருடம் உங்கள் கண்ணுக்கே தெரியவில்லையா? ஹப்பர்ட் கணக்கிட்டது நுண்துளைப் பாறையில் தேங்கி, துளையிட்டால் கிணற்றுக்குள் தானாகவே வந்து சேரும் எண்ணெயை. நீங்கள் காட்டுவது ஷேல் எண்ணெய், அதாவது இறுகிய பாறையைக் கிடைமட்டமாகத் துளைத்து, மணலும் நீரும் வேதிப்பொருளும் பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை உடைத்து எடுப்பதை. அந்தக் கிணறுகள் முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் வற்றிவிடுகின்றன. அளவை அப்படியே வைத்துக்கொள்ளவே ஓயாமல் புதுக் கிணறு தோண்ட வேண்டும். இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டுவது நேர்மையா?

கடலோடி:
பாறைப்பித்தன், பீப்பாய்க்குள் போனபின் எண்ணெய்க்குச் சாதி கிடையாது. சுத்திகரிப்பு ஆலை இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. அப்புறம் உங்கள் மாநாட்டில் பேசிய முதலீட்டு வங்கியாளர் மேத்யூ சிம்மன்ஸை மறந்துவிட்டீர்களே. 2010-ல் எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்கு 200 டாலரைத் தொடும் என்று 2005-ல் பத்திரிகையாளர் ஜான் டியர்னியுடன் பந்தயம் கட்டினார். 2010-ல் சராசரி சுமார் 80 டாலர்தான். பந்தயம் போச்சு.

பாறைப்பித்தன்:
சிம்மன்ஸ் 2010 ஆகஸ்டில் காலமாகிவிட்டார். பதில் சொல்ல வர முடியாதவரை இழுக்காதீர்கள். பேச்சு 1970 பற்றி. விலையா பேச வேண்டும்? 2008 ஜூலையில் 147 டாலர் ஏறியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்களுக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி எடுப்பது புதிதல்ல. இயற்கை எரிவாயு பற்றிப் போன முறை பேசியபோதும் இதையேதான் செய்தீர்கள், நான் மறக்கவில்லை.

கடலோடி:
அந்த விவாதத்தில் பாதியிலேயே எழுந்துபோனவர் நீங்கள். 147-ஐ எடுத்தால் 2020 ஏப்ரல் 20-ஐயும் எடுங்கள். அமெரிக்க எண்ணெய் ஒப்பந்த விலை பூஜ்யத்துக்குக் கீழே 37 டாலர் போனது. தீர்ந்துபோகிற பொருளைக் காசு கொடுத்து யாராவது தள்ளிவிடுவார்களா?

பாறைப்பித்தன்:
பெருந்தொற்றில் உலகமே பூட்டிக் கிடந்தபோது சேமிப்புத் தொட்டியில் இடமில்லாமல் ஒரு நாள் விழுந்த விலை அது. அதை வைத்து நிலத்தடியில் எவ்வளவு இருக்கிறது என்று முடிவு கட்டுகிறீர்கள். "தீர்ந்துபோகும்" என்று ஹப்பர்ட் எங்கே சொன்னார்? மாநாட்டில் யார் சொன்னார்கள்? எடுக்கும் வேகம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது, அப்புறம் இறங்கும். அவ்வளவுதான் சொன்னது. மெக்சிகோவின் கான்டரெல் எண்ணெய் வயலைப் பாருங்கள். நைட்ரஜன் செலுத்தி அழுத்தம் ஏற்றினார்கள், 2004-ல் நாளுக்கு 20 லட்சம் பீப்பாய் தாண்டியது, ஆறே வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. பிரிட்டனின் வடகடல் 1999-ல் உச்சம், நார்வே 2001-ல். எந்தத் தொழில்நுட்பம் அவற்றை மீட்டது? சர்வதேச எரிசக்தி முகமையே 2010 அறிக்கையில், உலகின் வழமையான (ஷேல் போன்றவை சேராத) கச்சா எண்ணெய் 2006-ல் நாளுக்கு சுமார் 7 கோடி பீப்பாயோடு உச்சம் தொட்டது, அந்த அளவை இனி எட்டாது என்று எழுதியது. மாநாட்டில் வருடக்கணக்காகத் தொண்டை கிழியப் பேசியது இதைத்தானே?

வளைகோடு:
மாநாட்டில் என்ன பேசினார்கள் என்பது எனக்கும் தெரியும். 2007-ல் அயர்லாந்தின் கார்க் நகரில் அமெரிக்காவின் முன்னாள் எரிசக்தித் துறை அமைச்சர் ஜேம்ஸ் ஷ்லெசிஞ்சர், விவாதம் முடிந்தது, உச்சக்காரர்கள் வென்றுவிட்டார்கள் என்றே அறிவித்தார். அதற்குப் பின்தான் அமெரிக்க உற்பத்தி இரண்டு மடங்குக்கு மேல் ஆனது! இன்னொன்று. அதே 1956 உரையில் ஹப்பர்ட் உலக உச்சம் 2000 வாக்கில், வருடத்துக்கு சுமார் 1,250 கோடி பீப்பாய் என்றார். நாளுக்கு மூன்றரைக் கோடிகூட இல்லை. 2000-ல் உலகம் எடுத்தது அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதை மட்டும் ஏன் யாரும் மேடையில் ஏற்றுவதில்லை? 1970-ஐ மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறீர்கள்.

பகலவன்:
இருவருமே பழங்கதை பேசுகிறீர்கள். மின்சார வாகனம் வந்துவிட்டது. இனி வழங்கல் உச்சம் இல்லை, தேவை உச்சம்தான். அதே முகமை 2023-ல், இப்போதைய கொள்கைகளே தொடர்ந்தாலும் 2030-க்குள் எண்ணெய்த் தேவை உச்சம் தொடும் என்றது.

பாறைப்பித்தன்:
பகலவன், நீங்கள் எந்த இழைக்கு வந்தாலும் மின்சார வாகனத்தை ஓட்டிக்கொண்டேதான் வருகிறீர்கள். விமானம் எதில் பறக்கிறது, கப்பல் எதில் ஓடுகிறது, உரமும் நெகிழியும் எதிலிருந்து வருகின்றன என்று தனியாக ஓர் இழை தொடங்கிப் பேசுங்கள், வருகிறேன்.

வளைகோடு, உலகக் கணக்குக்குத் தாவிவிட்டீர்கள். நான் கேட்டது அமெரிக்கா, 1970. ஒரு மனிதர் கணினிகூட இல்லாமல், மொத்தம் எவ்வளவு எண்ணெய் எடுக்க முடியும் என்ற மதிப்பீட்டையும் ஒரு வளைகோட்டையும் வைத்து, 14 வருடம் முன்கூட்டியே காலத்தைச் சொன்னார். அவர் வேலை பார்த்த ஷெல் நிறுவனமே அதை விரும்பவில்லை. அவருக்கு ஒரு வார்த்தை மரியாதை தர உங்களுக்கு மனமில்லை.

வளைகோடு:
மரியாதை வேறு, கணக்கு வேறு. ஒரு கோடியே 29 லட்சம் பெரிதா, 96 லட்சம் பெரிதா?

கடலோடி:
அதைக் கேட்டால் கான்டரெலுக்குப் போய்விடுவார்.

பாறைப்பித்தன்:
கான்டரெலுக்கும் போவேன், வடகடலுக்கும் போவேன். அங்கேயெல்லாம் இறங்கியது இறங்கியதுதான். அமெரிக்காவிலும் ஷேலைக் கழித்துவிட்டு மிச்சத்தை 1970-க்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அதைச் செய்யாமல் 2018, 2018 என்று இன்னும் எத்தனை முறை எழுதினாலும் என் கேள்வி அங்கேயேதான் நிற்கிறது.

வளைகோடு:
எதற்குக் கழிக்க வேண்டும்? அதுவும் நிலத்தடியிலிருந்து வந்த எண்ணெய்தானே? 2018.