அலாய் வீல் நுழையும் அளவுக்குப் பவுடர் கோட்டிங் ஓவன்: ஹீட்டர், வயரிங் சந்தேகங்கள்

கறுப்புவீல்:
வணக்கம். பவுடர் கோட்டிங் (பெயின்ட் பவுடரைத் தூவி, சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது) செய்ய, 18 இஞ்ச் வீல், கண்ட்ரோல் ஆர்ம், வால்வ் கவர், பிரேக் கேலிப்பர் எல்லாம் போடுகிற மாதிரி ஒரு ஓவன் கட்டப்போகிறேன். உள்ளளவு 75×75×105 செ.மீ. சதுரக் குழாயில் ஃபிரேம், இரண்டு பக்கமும் தகடு, நடுவில் 50 மி.மீ. ராக்வூல் (சூட்டைத் தடுக்கும் பாறையிழைப் பஞ்சு). 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ். 3 கிலோவாட் ஹீட்டர் இரண்டு போதுமா? ஃபேன் அவசியமா? காஸ் பர்னர் ஒன்றும் சும்மா கிடக்கிறது, அதை வைக்கலாமா?

ஓம்விதி:
காஸ் வேண்டவே வேண்டாம். காற்றில் பறக்கும் பவுடர் அடர்த்தியாகிவிட்டால் திறந்த தீயில் வெடிக்கும். ஸ்ப்ரே செய்யும் இடத்தையும் ஓவனிலிருந்து தள்ளியே வையுங்கள்.

6 கிலோவாட் சரியான கணக்கு. உங்கள் உள்ளளவு 0.6 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 200 டிகிரியில் சுவர் வழியாக ஓடுவது சுமார் 1 கிலோவாட்தான், மிச்சமெல்லாம் சூடேற்ற உதவும். மொத்தம் 26 ஆம்பியர் இழுக்கும்; ஓவனுக்கென்று தனி லைன், 32 ஆம்பியர் எம்சிபி (கரன்ட் மிஞ்சினால் கட் ஆகும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் கட் ஆகும் சுவிட்ச்), 6 சதுர மி.மீ. காப்பர் வயர். பாடிக்கும் கதவுக்கும் எர்த் தனித்தனியாக. கதவின் எர்த்துக்குக் கீலை நம்பாதீர்கள். ஓவனுக்குள் பிவிசி வயர் இளகிவிடும், ஃபைபர் கிளாஸ் வயர்தான். ஹீட்டர் முனையில் சால்டர் வைக்காதீர்கள், காரீயச் சால்டர் 183 டிகிரியிலேயே இளகும். லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) போட்டு அழுத்திக் கிரிம்ப் செய்யுங்கள்.

கன்ட்ரோலுக்கு பிஐடி (சூட்டைப் பார்த்து ஹீட்டரை இயக்கும் கன்ட்ரோலர்), கே டைப் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி), ஹீட்டருக்கு ஒன்றாக 40 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் (பிஐடி சொல்படி ஹீட்டரை ஆன், ஆஃப் செய்யும் மின்னணு சுவிட்ச்). பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், ஆபத்தே அங்கேதான். எஸ்எஸ்ஆர் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகி ஆன் நிலையிலேயே நின்றுவிடும். பிஐடி அணைத்தாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். தெர்மோகப்பிள் கழன்று வெளியே விழுந்தாலும், பிளஸ் மைனஸ் மாறினாலும் இதே கதி: மாறியிருந்தால் சூடு ஏற ஏற ரீடிங் இறங்கும், பிஐடியும் முழு வேகத்தில் தள்ளும். ஆகவே எஸ்எஸ்ஆருக்கு முன்னால் ஒரு கான்டாக்டர் (காயிலுக்குக் கரன்ட் போனால்தான் லைனை இணைக்கும் பெரிய சுவிட்ச்) வைத்து, அதன் காயிலை 250 டிகிரியில் கட் ஆகும் தனித் தெர்மோஸ்டாட் வழியாக விடுங்கள். அந்தத் தெர்மோஸ்டாட் தானாகத் திரும்ப ஆன் ஆகாத, கையால் ரீசெட் செய்யும் வகையாக இருக்கட்டும்.

பழைய ஹீட்டரில் ஈரம் ஏறியிருந்தால் முதல்முறை ஆர்சிசிபி ட்ரிப் ஆகும். அதற்காக ஆர்சிசிபியைக் கழற்றிவிடாதீர்கள். ஹீட்டரைத் தனியே சூடுகாட்டி உலர்த்தினால் சரியாகிவிடும்.

தகரக்கொட்டகை:
வயரிங் பற்றி மேலே சொன்னதே போதும். பாடி விஷயம் மட்டும் சொல்கிறேன். 50 மி.மீ. ராக்வூல் தாங்கும், 75 நல்லது. ஆனால் உங்கள் சதுரக் குழாய் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் ஒருசேரத் தொடுகிறதே, அந்த வழியாகத்தான் சூடு வெளியே வரும். குழாய்க்கும் உள்தகட்டுக்கும் நடுவே செராமிக் ஃபைபர் போர்டு பட்டை வையுங்கள். காகிதம் ஒட்டிய கிளாஸ் வூல் வாங்காதீர்கள், கருகி நாறும்.

கதவுக்கு ஃபைபர் கிளாஸ் கயிறு. இடுக்கில் சிலிக்கோன் சீலன்ட் பூசினால், அதிலிருந்து வரும் ஆவி பட்டு பெயின்டில் வட்ட வட்டமாகக் குழி விழும். பவுடர் சரியில்லை என்று பவுடரைத் திட்டுவார்கள்!

ஃபேன் வேண்டும், மோட்டார் வெளியே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மேலே வெந்து கீழே வேகாது. ஆனால் காற்று நேராகப் பொருள்மேல் அடித்தால் உருகாத பவுடர் உதிரும், தடுப்புத் தகடு வைத்துத் திருப்பிவிடுங்கள். ஹீட்டருக்கு மேலும் ஒரு தகடு: நேர்ச்சூடு பட்ட பக்கம் வெள்ளைப் பவுடர் மஞ்சளாகும். மேல்பக்கம் 50 மி.மீ. புகைவழி, மூடித் திறக்கும்படி.

முதல் பொருள் போடுவதற்கு முன், காலி ஓவனை 230 டிகிரியில் புகை நிற்கும் வரை ஓட்டுங்கள். தகட்டு எண்ணெய் எல்லாம் போகட்டும்.

கறுப்புவீல்:
மிக்க நன்றி. 200 டிகிரி, 10 நிமிடம் என்று பவுடர் டப்பாவில் இருக்கிறது. 200 வந்ததும் டைமர் போட்டால் போதும்தானே?

ஓம்விதி:
போதாது. அது உலோகத்தின் சூடு, காற்றின் சூடு அல்ல. தடித்த கேலிப்பர் 200 தொடும்போது காற்று 200 தொட்டு வெகுநேரம் ஆகியிருக்கும். இரண்டாவது தெர்மோகப்பிள் ஒன்றைப் பொருளின் தடித்த இடத்தில், பவுடர் படாத துளையில் போல்ட்டால் இறுக்கி அதைப் பார்த்து டைமர் போடுங்கள். இன்ஃப்ராரெட் கன் பளபளக்கும் அலுமினியத்தில் சூட்டைக் குறைத்துக் காட்டும். வெந்ததா என்று பார்க்க, ஆறியபின் மறைவான மூலையில் எம்இகே (பெயின்டைக் கரைக்கும் திரவம்) நனைத்த துணியால் 50 முறை தேயுங்கள், நிறம் துணியில் அள்ளிக்கொண்டு வந்தால் வேகவில்லை. கையுறை போட்டு, காற்றோட்டத்தில், ஓவனிலிருந்து தள்ளி.

தகரக்கொட்டகை:
வால்வ் கவர் வார்ப்பு அலுமினியம், துளைகளில் எண்ணெய் இருக்கும். பவுடர் போடுமுன் 220 டிகிரியில் ஒரு மணி நேரம் வறுத்துத் துடையுங்கள், இல்லையென்றால் கொப்புளம். வீலை அப்படி வறுக்காதீர்கள். அது ஹீட் ட்ரீட் செய்த அலாய், அதிகச் சூட்டில் பலம் குறையும். குறைந்த சூட்டில் வேகும் பவுடராக வாங்குங்கள். கேலிப்பரில் பிஸ்டன், சீல், கண்ட்ரோல் ஆர்மில் புஷ், பால் ஜாயின்ட் எல்லாம் முன்பே கழற்றிவிடுங்கள். ஷாக் அப்சார்பரை எக்காரணம் கொண்டும் உள்ளே வைக்கக் கூடாது, வெடிக்கும்.