ஈயக்கயிறு போட்டு லேக் ட்ரவுட் ட்ரோலிங்: வஞ்சிரம் பிடித்த கைக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

பெரம்பூர்_தூண்டில்

வணக்கம் மக்களே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மீம் போட்டு ஆளைக் கலாய்க்கிற ட்ரோல் இல்லை, படகு போகப் போகப் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போகிற ட்ரோலிங். காசிமேட்டிலிருந்து தெரிந்தவர் ஃபைபர் படகில் மாதம் இரண்டு ஞாயிறு போய் வருகிறேன், ஆறு வருஷமாக. வஞ்சிரம், சீலா, பாறை எல்லாம் ராப்பாலா (மீன் வடிவப் பொய்த்தூண்டில்) போட்டு இழுத்திருக்கிறேன். அதனால் முழுக்கப் புதுசு இல்லை, ஆனால் இப்போது கேட்கப்போகிற விஷயத்தில் அ, ஆ கூடத் தெரியாது.

ஜூன் கடைசியில் குடும்பத்தோடு டொரொன்டோ போகிறோம். அங்கே இருக்கும் மச்சான் பதினாறு அடிப் படகு ஒன்று வாங்கி வைத்திருக்கிறான், சிம்கோ ஏரியில் லேக் ட்ரவுட் என்கிற குளிர்நீர் ஏரிமீன் பிடிக்கப் போகலாம் மாமா என்று தினமும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறான். அவனும் கத்துக்குட்டிதான். யாரோ சொன்னார்கள் என்று ஈயக்கயிறு ஒரு சுருள் வாங்கி, கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர் கையில் கொடுத்து அனுப்பி, 'நீங்கள் பழகிக்கொண்டு வாருங்கள்' என்கிறான். பத்து நிறத்தில் இருக்கிறது, பார்க்க ரிப்பன் மாதிரி. எதற்கு இத்தனை நிறம், எவ்வளவு விட்டால் எவ்வளவு ஆழம் போகும், என்னிடம் இருக்கிற 6000 சைஸ் ஸ்பின்னிங் ரீலில் சுற்றலாமா, முன்னால் நரம்பை (நைலான் தூண்டில் நூலை) எப்படி முடிச்சுப் போடுவது? வழுவழு என்று இருக்கிறது, என் வழக்கமான முடிச்சு எதுவும் நிற்கவில்லை.

ஈயக்குண்டு

நான் மிசிசாகாவில் எட்டு வருஷம் இருந்துவிட்டு இப்போது வேளச்சேரிவாசி, அதனால் இரண்டு பக்கத்துக் கதையும் கொஞ்சம் தெரியும்.

அந்தக் கயிறு உள்ளே மெல்லிய ஈயக்கம்பி, வெளியே பின்னல் உறை. 10 கஜத்துக்கு ஒரு முறை நிறம் மாறும், அதாவது 30 அடிக்கு ஒரு நிறம். 100 கஜச் சுருள் என்றால் பத்து நிறம். ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் 'அஞ்சு கலர் விட்டேன், ஏழு கலர் விட்டேன்' என்றுதான் பேசுவார்கள், அடி கணக்கு யாரும் சொல்வதில்லை. மணிக்கு 2 மைல் வேகத்தில் படகு போனால் ஒரு நிறத்துக்குச் சுமார் 5 அடி இறங்கும் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. வேகத்தை 1.5 மைலுக்குக் குறைத்தால் அதே நிறம் 6, 7 அடி வரை இறங்கும். எவ்வளவு கயிறு வெளியே இருக்கிறது என்பதோடு எவ்வளவு மெதுவாகப் போகிறோம் என்பதும் சேர்ந்துதான் ஆழத்தைத் தீர்மானிக்கிறது, இதை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்பின்னிங் ரீலில் சுற்றவே சுற்றாதீர்கள். முறுக்கு விழும், உள்ளே இருக்கும் ஈயம் மடிந்து மடிந்து ஒடியும், உறை மட்டும் மிஞ்சும். பெரிய உருளை ரீல்தான் வேண்டும், கயிற்றை இடவலமாகப் பரப்பிச் சுற்றிவிடுகிற வகையாக இருந்தால் நல்லது. அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். என் முதல் ரீலை ஒரு கடைக்காரர் 'இதுல தாராளமா ஏறும் சார்' என்று தலையில் கட்டினார், ஏழாவது நிறத்திலேயே விளிம்பு தட்டிவிட்டது, அடியில் பின்னல் கயிறு 100 கஜம் வேறு ஏற்கெனவே சுற்றி வைத்திருந்தேன். அன்றைக்கு முழுக்கப் படகில் உட்கார்ந்து கயிற்றைக் கழற்றிக்கொண்டு இருந்தேன். விட்ட கயிற்றின் நீளத்தைக் காட்டும் மீட்டர் வைத்த ரீல் கட்டாயம் இல்லை, நிறமே மீட்டர்தானே.

தடி 8 அடிக்குக் குறையாமல், நுனி நன்றாக வளைகிற மாதிரி. வஞ்சிரத்துக்கு வைத்திருக்கும் குட்டை, விறைப்புத் தடி இதற்கு ஆகாது.

எண்ணூர்_கரை

தம்பி, அடியும் கஜமும் எதற்கு? நம் ஆட்கள் பாகத்தில் பேசினால் இந்தக் கணக்கு இன்னும் சுலபம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய 6 அடி. அப்படியென்றால் ஒரு நிறம் ஐந்து பாகம் நீளம். அது இறங்குவது 5 அடி, ஒரு பாகத்துக்குக் கொஞ்சம் குறைவு. அஞ்சு பாகம் விட்டால் ஒரு பாகம் இறங்கும், அவ்வளவுதான் சங்கதி. படகில் நின்றுகொண்டு பெருக்கல் போட வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கயிறு பூராவும் ஈயம் வைப்பதற்குப் பதில் நுனியில் அரைக்கிலோ குண்டு ஒன்று கட்டிக் கையால் இழுத்தால் ஆகாதா? எங்கள் அப்பா அப்படித்தான் கைக்கயிற்றில் இழுப்பார்.

ஈயக்குண்டு

அண்ணே, பாகக் கணக்கு பிரமாதம், இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

குண்டு கட்டினால் ஆழம் போகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அரைக்கிலோவை மீனோடு சேர்த்துத் தூக்க வேண்டும், மீன் தலையை ஆட்டும்போது அந்தக் குண்டே கொக்கியைக் கழற்றிவிடும். ஈயக்கயிற்றில் பாரம் முழு நீளத்திலும் பரவியிருப்பதால் கயிறு தண்ணீருக்குள் ஒரு வில் மாதிரி தொங்கிக்கொண்டு வரும். படகை இடது வலது என்று பாம்பு மாதிரி வளைத்து ஓட்டினால், வளைவின் உள்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து தாழும், வெளிப்பக்கத் தூண்டில் வேகம் கூடி எழும்பும். மீன் பெரும்பாலும் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் கவ்வும். எந்தப் பக்கத் தடியில் அடித்தது என்று பார்த்தாலே மெதுவாகப் போகணுமா வேகமாகப் போகணுமா என்று தெரிந்துவிடும்.

கையால் இழுக்கிற வழக்கம் அங்கேயும் உண்டு. நியூயார்க் மாநிலத்து ஃபிங்கர் ஏரிகளில் செம்புக் கம்பியைக் கையாலேயே இழுத்து இதே லேக் ட்ரவுட்டைப் பிடிப்பார்கள். உங்கள் அப்பா அங்கே போயிருந்தால் முதல் நாளே செட் ஆகியிருப்பார்.

ஸ்கார்பரோ_அண்ணை

யாழ்ப்பாணத்துக்காரன், இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேலே. சிம்கோ எங்களுக்கு ஒரு மணி நேர ஓட்டம். மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஜூன் கடைசி என்பதைக் கவனிக்க வேண்டும் தம்பி.

இந்த மீனுக்குக் குளிர்தான் உயிர். 10 டிகிரி செல்சியஸை ஒட்டிய தண்ணீர்தான் பிடிக்கும். பனி உருகின கையோடு போனால் மேலேயே நிற்கும், இரண்டு மூன்று நிறம் விட்டாலே போதும். வெயில் ஏற ஏற மேல்தண்ணீர் சூடாகி, அடியில் குளிர்தண்ணீர் தனி அடுக்காகப் பிரிந்துவிடும், மீன் அந்தக் குளிர் அடுக்குக்குப் போய்விடும். சிம்கோவின் ஆழமான இடம் 41 மீட்டர். உங்களிடம் இருக்கும் பத்து நிறத்தையும் விட்டால் 50 அடி, மெதுவாகப் போனால் 60, 65. ஜூன் கடைசிக்கு இது அநேகமாகச் சமாளிக்கும். ஆகஸ்டில் வந்திருந்தால் செம்புக் கம்பிக்கோ டவுன்ரிகருக்கோ (கனமான குண்டால் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் கருவி) போகச் சொல்லியிருப்பேன்.

வேகத்தில்தான் சென்னைக்காரர்களும் எங்கள் ஊர்க்காரர்களும் பிழை விடுவது. மணிக்கு 2.5, 3 கிலோமீட்டர், ஆள் நடக்கிறதைவிட மெது. பெரிய மோட்டார் சும்மா ஓடினாலே அதைவிட வேகமாகப் போகும். நான் பின்னால் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி இழுத்து வேகத்தைக் குறைப்பேன், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வேகத்தை ஃபோன் ஜிபிஎஸ்ஸில் பாருங்கள், கண்மதிப்பு உதவாது.

கயிற்றை விடும்போது படகு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கட்டைவிரல் உருளை மேலே. இல்லையென்றால் கயிறு தாறுமாறாகக் கொட்டிச் சிக்குப் போடும். மீன் பட்டவுடன் எஞ்சினை நிறுத்துகிற பழக்கம் உங்களுக்கு இருக்கும், இங்கே நிறுத்தினால் ஈயம் முழுதும் தரைக்குப் போய்க் கல்லில் கொளுவும். மெதுவாக முன்னே போய்க்கொண்டே சுற்றுங்கள், வெட்டி இழுக்க வேண்டாம், அதுவாகவே கொளுவியிருக்கும். இன்னொன்று, தடி நுனி ஒரே சீராகத் துடித்துக்கொண்டு இருக்க வேண்டும். துடிப்பு நின்றால் ஸ்பூனில் (கரண்டி வடிவத் தகட்டுத் தூண்டிலில்) பாசி மாட்டியிருக்கிறது என்று அர்த்தம், அதை இழுத்துக்கொண்டு அரை மணி நேரம் சுற்றுவதில் பிரயோசனம் இல்லை.

உரிமம் எடுக்காமல் இறங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் 18 வயதோ அதற்கு மேலோ என்றால் கட்டாயம் எடுக்க வேண்டும். இங்கே குடியிருக்கும் 65 வயதுக்காரருக்கு உள்ள சலுகை வருகையாளருக்குக் கிடையாது, மாமனாரையும் கூட்டிக்கொண்டு வருவீர்களோ என்று நினைத்துத்தான் சொல்கிறேன். எத்தனை மீன், எந்த மாதம் என்பதை ஒன்டாரியோ அரசின் அந்த வருஷத்து விதியில் பார்த்துவிடுங்கள், ஏரிக்கு ஏரி மாறும்.

சமைக்க ஆசையென்றால் சின்னதை வையுங்கள், பெரியதை விடுங்கள். மெதுவாக வளர்கிற மீன், இருபது முப்பது வருஷம் வாழும், பெரியதில் பாதரசம் சேர்ந்திருக்கும். கொழுப்பான சதை, புளி தூக்கலாகப் போட்டால்தான் எடுபடும்.

பெரம்பூர்_தூண்டில்

அண்ணே, மாமனார் வருகிறார், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

எல்லோருக்கும் நன்றி. ரீல் மச்சானையே அங்கே வாங்கச் சொல்லிவிட்டேன், பெரியதாக. முடிச்சு மட்டும் இன்னும் உதைக்கிறது. என்னுடைய நரம்பையும் இதையும் சேர்த்து மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன், இழுத்தால் உறை மட்டும் கையோடு வந்துவிடுகிறது, உள்ளே ஈயம் அப்படியே நிற்கிறது. அப்புறம் ஒரு பேராசைக் கேள்வி, இதே கயிற்றை இங்கே வஞ்சிரத்துக்குப் போட்டால் என்ன?

ஈயக்குண்டு

உறை தனியே வருகிறது என்றீர்களே, அந்தக் குணத்தை வைத்துத்தான் முடிச்சே போடுவது. வில்லிஸ் முடிச்சு என்று பெயர். நுனியில் உறையைப் பின்னால் தள்ளினால் ஈயம் வெளியே தெரியும், அதை ஒரு சாண் அளவுக்கு ஒடித்து எறிந்துவிட்டு உறையை மறுபடி முன்னால் நீவுங்கள். இப்போது அந்தச் சாண் நீளம் வெறும் குழாய். பாவாடைக்கு நாடா கோர்க்கிற மாதிரி நரம்பை அதற்குள்ளே நகர்த்தி நகர்த்தி ஈயம் தட்டுகிற வரை கொண்டுபோங்கள். நரம்பு நுனியைச் சாய்வாக வெட்டிக்கொண்டால் நூலில் மாட்டாமல் போகும். பிறகு உள்ளே நரம்பு இருக்கிற இடத்தில் சாதாரண ஒற்றை முடிச்சு, எச்சில் தொட்டு நிதானமாக இறுக்க வேண்டும், அரை அங்குலம் தள்ளி இன்னொன்று. இழுக்க இழுக்க உறை நரம்பைக் கவ்விப் பிடிக்கும், குட்டியாக இருப்பதால் தடி வளையங்களில் தடுக்காமல் ஓடும். முன்னால் 20 அடிக்குக் குறையாமல் நரம்பு, ஃப்ளூரோகார்பன் என்றால் நல்லது. ஒடித்த ஈயத்தைக் குழந்தைகள் கையில் படாமல் போட்டுவிட்டுக் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

வஞ்சிரத்துக்கு நான் போடமாட்டேன். நாம் இங்கே மணிக்கு 10 கிலோமீட்டர் பக்கம் இழுக்கிறோம், அந்த வேகத்தில் ஈயக்கயிறு மேலே தூக்கிக்கொண்டு வந்துவிடும், அவ்வளவு பாரத்தைச் சுமந்ததற்குப் பலன் கொஞ்சம்தான். ஆழ வாய் வைத்த ராப்பாலாவே அதைவிடக் கீழே போகும். ராப்பாலாவை ரொம்ப மெதுவாக இழுத்தால் வஞ்சிரம் கவ்வுவது குறைவு.

வார_இறுதி_வலை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ட்ரவுட்டுக்கு டொரொன்டோ வரை எதற்கு, ஊட்டி அவலாஞ்சியில் இல்லையா?

எண்ணூர்_கரை

அது வேற ஜாதி தம்பி. வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து விட்ட மீன், 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமே கட்டினார்கள். ஓடையில் நின்று வீசிப் பிடிப்பது, படகும் ஈயமும் அதற்கு எதற்கு?

ஈயக்குண்டு

ஆமாம், இங்கே இருப்பது ரெயின்போ ட்ரவுட். லேக் ட்ரவுட் பெயரில்தான் ட்ரவுட், இனத்தில் அது 'சார்' (char) என்கிற மீன் வகை. மரியாதை கொடுத்தே கூப்பிடலாம், 1995-ல் கனடாவின் கிரேட் பேர் ஏரியில் தூண்டிலில் பிடித்தது 72 பவுண்டு, கிட்டத்தட்ட 33 கிலோ.

பெரம்பூர்_தூண்டில்

முடிச்சு நின்றுவிட்டது! மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பியில் கயிற்றைச் சுற்றிக் கட்டி, நரம்பு முனையில் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டு, சொம்பு சொம்பாக ஊற்றிப் பார்த்தேன். முதல் முடிச்சு 4 லிட்டரில் வழுக்கிக்கொண்டு வந்தது, ஈயத்தைச் சரியாக ஒடிக்காமல் பாதி உள்ளேயே விட்டிருக்கிறேன். இரண்டாவது 7 லிட்டர் தாங்கியது. கயிற்றின் மேல் 18 பவுண்டு என்று போட்டிருக்கிறது, 8 கிலோ சொச்சம், அதனால் இது போதும் என்று நினைக்கிறேன்.

வீட்டம்மா மேலே வந்து பார்த்துவிட்டு, கேன் தண்ணீர் 35 ரூபாய் தெரியுமா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கீழே போய்விட்டார். ஸ்பூன் என்ன நிறத்தில் எடுப்பது என்று அடுத்துக் கேட்கலாம் என்றிருந்தேன், நாளைக்குக் கேட்கிறேன்.

ஸ்கார்பரோ_அண்ணை

வெள்ளியும் செம்பும் ஒவ்வொன்று, மெல்லிய தகடாக, பாரம் இல்லாததாக வாங்கச் சொல்லுங்கள், மெதுவாகப் போகும்போது தடித்தது ஆடாது. மிச்சத்தை இங்கே வந்து கேளுங்கள், வாளியும் நான் கொண்டு வருகிறேன்.