ஓல்டுமெல்ட்ரம் கீரியில் உள்ளதா, இல்லையா?

உரீக்கரை: ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் உள்ள கிளென் கீரி விஸ்கி வடிசாலை ஓல்டுமெல்ட்ரம் என்னும் ஊரில் இருக்கிறது என்றும், அவ்வூர் கீரி வட்டாரத்தைச் சேராததால் அந்தப் பெயரே பிழை என்றும் 'நிலப்படம்' என்ற பெயரில் எழுதுபவர் நேற்று தீர்ப்பு எழுதியிருந்தார். அபர்டீன்ஷயர் பழங்காலத்தில் மார், ஃபார்மார்ட்டின், பக்கன், கீரி, ஸ்ட்ராத்போகி என ஐந்து வட்டாரங்களாக வழங்கியது. 1797இல் தொடங்கிய வடிசாலையை, 1996இல் அமைந்த உள்ளாட்சி மன்றத்தின் எல்லைக்கோட்டைக் கொண்டு அளப்பது எந்த வகையில் முறையாகும்?

நிலப்படம்: இன்றைய அபர்டீன்ஷயர் மன்றம் ஆறு நிர்வாகப் பகுதிகளைக் கொண்டது, ஓல்டுமெல்ட்ரம் அவற்றுள் ஃபார்மார்ட்டினில் இருக்கிறது. அவ்வூரைப் பற்றிய முடிவுகளை ஃபார்மார்ட்டின் குழு எடுக்கும்போது, அதைக் கீரி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

உரீக்கரை: உங்கள் மனம் வருவதும் வராததும் சான்றாகாது. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பழைய பிரிவுகளில், ஓல்டுமெல்ட்ரம் அடங்கிய மெல்ட்ரம் பங்கு, பல பங்குகளைக் கண்காணிக்கும் அவையான கீரி வட்டத்திருச்சபையின் கீழ் இருந்தது. மன்றம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே மக்கள் அறிந்திருந்த பிரிவு அது.

சொல்லாய்வன்: இருவருமே பெயரைச் சரியாக எழுதவில்லை. Garioch என்ற ஆங்கில எழுத்துக்கூட்டலின்படி அது 'காரியாக்' என்றே வர வேண்டும். 'கீரி' என்றால் தமிழ் வாசகர் விலங்கைத்தான் நினைப்பார். கேலிக் மொழியில் கரடுமுரடைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது என்பதையும், ஓல்டுமெல்ட்ரத்தைச் சுற்றி இருப்பது விளைநிலம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவ்வூர் அந்தப் பெயருக்குள் அடங்காது.

உரீக்கரை: கீரியின் முதன்மை ஊரான இன்வெரூரியில் யாரிடம் கேட்டாலும் 'கீரி' என்றே சொல்வார்கள், அதுவும் 'தி கீரி' என்று முன்னே ஆங்கிலச் சுட்டைச் சேர்த்து ஒரு நிலப்பரப்பாகச் சொல்வார்கள். எழுத்தை மட்டும் பார்த்து ஒலியைத் திருத்துவது உங்களுக்குப் பழகிப்போன வேலை. விளைநிலம் என்பதால் கீரி ஆகாது என்றால், அபர்டீன்ஷயரின் தானியக் களஞ்சியம் என்று பெயர் பெற்ற கீரி முழுவதையுமே கீரியிலிருந்து நீக்க வேண்டியிருக்கும்! 528 மீட்டர் உயரமுள்ள பென்னஹீ மலையும் அதன் அடிவாரத்து வயல்களும் ஒரே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. மெல்ட்ரம் கீரி வட்டத்திருச்சபையில் இருந்தது என்பதற்கு மட்டும் இதுவரை ஒருவரும் மறுமொழி தரவில்லை.

நிலப்படம்: தருகிறேன். திருச்சபை வரைந்ததும் ஒரு நிர்வாகக் கோடுதான். போதகர்களைக் கண்காணிக்க வகுத்த கோடு புனிதமானது, மக்களாட்சி வகுத்த கோடு பொருட்டல்ல என்பது விந்தையான நியாயம். இன்வெரூரிக்கு அருகே நடந்த ஹார்லா போரைப் பற்றிய முந்தைய விவாதத்திலும் நீங்கள் இப்படியே உங்களுக்கு உகந்த ஆவணத்தை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள்.

சொல்லாய்வன்: ஹார்லாவில் 1411 ஜூலை 24 அன்று தீவுகளின் பிரபு டோனல்டு பின்வாங்கியதால் அவரை எதிர்த்த மார் கோமகனே வென்றார் என்று நான் எழுதியதற்கு, உரீக்கரை என்னைப் படிக்காதவன் என்றார். நான் அதை மறக்கவில்லை.

உரீக்கரை: படிக்காதவர் என்று நான் சொல்லவில்லை, இரு தரப்பும் வெற்றியைக் கோரிய போரில் ஒரு தரப்பின் கூற்றை மட்டும் படித்தீர்கள் என்றேன், இப்போதும் அதையே சொல்கிறேன். நீங்களே அழைத்து வந்த அந்த மார் கோமகன் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட், தம் மனைவி இசபெல்லாவின் வழியாகக் கீரியின் பிரபுவாகவும் இருந்தார். கீரி என்பது மன்றக் குழுவின் பெயராவதற்கு முன்னரே ஒரு பிரபுத்துவ நிலத்தின் பெயராக இருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நிலப்படம்: அந்த நிலத்தில் ஓல்டுமெல்ட்ரம் இருந்தது என்று எந்த இடத்தில் காட்டினீர்கள்? கேட்டது அந்த ஓர் ஊரைப் பற்றி மட்டுமே.

உரீக்கரை: மெல்ட்ரம் பங்கு கீரி வட்டத்திருச்சபையில் இருந்தது. மூன்றாம் முறையாக எழுதுகிறேன். தேவைப்பட்டால் நான்காம் முறையும் எழுதுவேன்.

நிலப்படம்: எழுதுங்கள். நிர்வாகப் படத்தில் அது ஃபார்மார்ட்டினில்தான் இருக்கிறது.

சொல்லாய்வன்: காரியாக்.