மைக்செட் கடை இசைத்தட்டுகளா, எண் போட்ட லிமிடெட் எடிஷனா?

குடந்தை_எல்பி கேட்டது:

வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு பழைய மைக்செட் கடையின் இசைத்தட்டுகள் விலைக்கு வந்திருக்கின்றன. எல்பி (நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டு) சுமார் 140, இபி (சிறிய தட்டு) 60, 78 வேகத் தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு) 30. பொறுக்கி எடுக்க விடமாட்டார்கள், மொத்தமாகத்தான் வாங்க வேண்டும். எல்பியில் பாதிக்கு மேல் 1976-க்குப் பிந்தைய இளையராஜா. மீதி எம்.எஸ்.வி., கே.வி.மகாதேவன். கதை வசனத் தட்டுகளும் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. 78-ல் ஜி.ராமநாதன் இசையமைத்தவை அதிகம். அட்டைகளில் வெள்ளைப் பூஞ்சை, சில தட்டுகள் உறையோடு ஒட்டியிருக்கின்றன.

இதே பணத்தில் 180 கிராம் எடையில் எண் போட்டு வரும் மறுபதிப்புகள் பத்துப் பன்னிரண்டு வாங்கலாம். என் நோக்கம் பாட்டு மட்டும் அல்ல, பின்னணி இசையும். எதை எடுப்பது? மொத்தமாக எடுப்பதானால் வாங்குமுன் எதைப் பார்ப்பது?

ஆரூர்_ஊசிமுனை:

தம்பி, மைக்செட் தட்டில் கீறலைவிடப் பெரிய கேடு வரித் தேய்மானம், அதாவது ஊசி ஓடும் பள்ளம் தேய்ந்துபோவது. அந்தக் காலத்து பிளேயர்களில் இருந்தது கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி). ஊசி தட்டின்மேல் 5 முதல் 8 கிராம் வரை அழுத்தும். இன்றைய நல்ல கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும். அதில் ஊசி இரண்டு முனை உள்ளது: ஒரு பக்கம் 78-க்கு, திருப்பினால் எல்பிக்கு. 78 முனையின் நுனி சுமார் 76 மைக்ரான், எல்பி முனை 18 மைக்ரான். அவசரத்தில் திருப்ப மறந்து 78 முனையில் எல்பியை ஓட்டியிருந்தால் வரியின் மேல்விளிம்பு நசுங்கியிருக்கும். அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது.

பார்க்கும் விதம்: கைபேசி டார்ச்சைத் தட்டுக்கு மேலே நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், தட்டை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். தேயாத வரி கறுப்பாக மினுங்கும். தேய்ந்த இடம் சாம்பல் பூத்ததுபோல் மங்கலாக, வளையமாகத் தெரியும். கூட்டிசை ஓங்கும் இடங்களில் இந்தச் சாம்பல் கூடுதலாக இருக்கும்.

கண்ணால் பார்த்தது போதாது. ஒரு பிளேயரும் ஹெட்போனும் எடுத்துப் போய், பார்த்துப் பொறுக்காமல் அங்கங்கே 20 தட்டுகளை உருவி, ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டின் கடைசி ஒரு நிமிடத்தைக் கேளுங்கள். மையத்தை நெருங்க நெருங்க ஊசிக்கடியில் வரி ஓடும் வேகம் குறைகிறது. அதனால் தேய்மானமும் 'ஸ', 'ச' ஒலிகளில் கிழிசலும் அங்கேதான் முதலில் கேட்கும். அதோடு ஹிட் பாட்டையும் தனியாக ஒரு தடவை வைத்துப் பாருங்கள். கல்யாண வீட்டுக்கு ஓடிய தட்டில் அந்த ஒரு பாட்டு மட்டும் அழிந்து, பக்கத்துச் சோகப்பாட்டு கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல் இருக்கும். கல்யாணப் பந்தலில் சோகப்பாட்டு போடும் வழக்கம் இல்லை என்பதால் இப்படி.

லேபிள் எண்ணும் அட்டை எண்ணும் ஒன்றா என்று 140-லும் பாருங்கள். மைக்செட்காரர்கள் கைக்குக் கிடைத்த அட்டையில் செருகிவிடுவார்கள். அட்டை மாறிய தட்டுக்குச் சேகரிப்பு விலை கிடையாது. இன்னொன்று: அக்காலத்து எல்பியில் ஒரு பக்கம் ஒரு படம், மறு பக்கம் வேறு படம் என்று வருவது சகஜம். அது குறையல்ல.

20-ல் 12 நன்றாக ஓடினால் எடுக்கலாம். 8-க்குக் கீழே போனால் இபிக்கும் 78-க்கும் உள்ள மதிப்பை மட்டும் கணக்கிட்டு மொத்தத்துக்கும் விலை பேசுங்கள்.

மாயவரம்_78:

78 பற்றி மட்டும் சொல்கிறேன். தயவுசெய்து அந்த முப்பதையும் விட்டுவிடாதீர்கள். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். படத்தில் நீளமாக வரும் பாட்டைத் தட்டுக்காகச் சுருக்கினார்கள், அல்லது இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள், சிலவற்றைத் தனியாகவே மறுபடி பாடிப் பதிந்தார்கள். ஆகவே தட்டில் இருப்பதும் படத்தில் இருப்பதும் பல இடங்களில் வேறு வேறு. பாடகர் அந்தச் சங்கதியை எப்படி எடுத்தார் என்பதற்கு இரண்டும் வேண்டும். ஜி.ராமநாதன் திருச்சி பக்கத்துப் பிச்சாண்டார்கோவில்காரர், பாகவதர் மாயவரத்தில் பிறந்தவர், பாபநாசம் சிவன் போலகத்தில் பிறந்தவர். நம் மண்ணில் இந்தத் தட்டுகள் வீடு வீடாகக் கிடந்ததில் வியப்பில்லை, இப்போது காயலான் கடைக்குப் போவதுதான் வேதனை.

78 என்பது வினைல் அல்ல, அரக்கும் கல்மாவும் கலந்தது. ஸ்பிரிட், சானிடைசர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எதுவும் படக்கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், ஒரே துடைப்பில் வரி வழிந்துவிடும். ஊறவும் வைக்காதீர்கள். கொலம்பியா போன்ற சில தட்டுகளில் நடுவே காகித அடுக்கு உண்டு, விளிம்பு வெடிப்பு வழியே தண்ணீர் புகுந்தால் உப்பிப் பிளந்துவிடும். அறைச் சூட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டு பேபி ஷாம்பு, மென்மயிர் பிரஷ், வரியோடு சுற்றிச் சுற்றி, ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம். உடனே அலசி, உடனே துணியால் ஒற்றி எடுங்கள்.

ஓட்டுவதற்கு 3 மில் ஊசி (ஆரூர் அண்ணன் சொன்ன 76 மைக்ரான் நுனி) வேண்டும். ஆடியோ டெக்னிகா விஎம்95 வரிசையில் எஸ்பி என்று முடிவது 78-க்கானது, அழுத்தம் 5 கிராம். பல டர்ன்டேபிளில் எடைக்காட்டி 4 கிராமோடு நின்றுவிடும், தனி ஊசித்தராசு வைத்துத்தான் 5-ஐ அமைக்க வேண்டும். எல்பி ஊசியை 78-ல் வைத்தால் அது வரியின் அடித்தளத்தில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும், ஊசியும் பாழ். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் (இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்குவது) இருந்தால் அழுத்துங்கள், இரைச்சல் கணிசமாகக் குறையும்.

விரிசல் விழுந்த 78-ஐ ஓட்டாதீர்கள். எடுத்து வரும்போது படுக்கப்போட்டு அடுக்கவும் வேண்டாம். குறுக்கே அட்டை கொடுத்து நிமிர்த்தி வையுங்கள். மினிபஸ் குலுக்கலில் படுக்கையில் கிடக்கும் அடித்தட்டுதான் முதலில் உடையும்.

தஞ்சை_மோனோ:

பின்னணி இசைதான் நோக்கம் என்றீர்கள். அப்படியானால் மேலே யாரும் தொடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்தக் கதை வசனத் தட்டுகள்தான் இந்தக் கட்டிலேயே உங்களுக்கு முக்கியம். தமிழில் பின்னணி இசையைத் தனித் தட்டாக வெளியிடும் பழக்கம் கிட்டத்தட்ட இல்லை, தட்டு என்றால் பாட்டுதான். படத்தின் ஒலித்தடத்தையே சுருக்கிப் போட்டவை கதை வசன எல்பிகள். வசனத்துக்கு அடியிலும் இடைவெளிகளிலும் பின்னணி இசை அப்படியே வரும். பாட்டுத் தட்டுக்கு ஆள் போட்டி போடுவார்கள், இதைச் சீந்தமாட்டார்கள். ஆனால் ஊர்த் திருவிழாவில் முழுதாக ஓட்டியது இதைத்தான், ஆகவே ஆரூர் அண்ணன் சொன்ன டார்ச் சோதனை இதற்கு இரண்டு தடவை.

இனி லிமிடெட் எடிஷன். எண் போட்டிருப்பதால் ஒலி நன்றாகிவிடாது. நான் கேட்கும் கேள்வி ஒன்றே: எதிலிருந்து எடுத்தார்கள்? மூல டேப்பா, குறுந்தகடா, பழைய தட்டா, இணையத்தில் கிடந்த கோப்பா? அட்டையில் 'ரீமாஸ்டர்' என்று மட்டும் இருந்து மூலம் சொல்லப்படவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். கண்டுபிடிக்க வழி உண்டு. தட்டை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் கணினியில் பதிந்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அதிர்வெண்வரை ஒலி இருக்கிறது என்று காட்டும் படம்) பாருங்கள். இசை 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால் மூலம் எம்பி3. 22-ல் நின்றால் குறுந்தகடு வழி வந்தது, அது பரவாயில்லை. புதுத் தட்டில் 'டக்' என்ற சத்தம் கேட்டால் அதே பதிப்பின் இன்னொரு பிரதியில் அதே நொடியைக் கேளுங்கள். அங்கும் இருந்தால் பெரும்பாலும் பழைய தட்டிலிருந்து எடுத்ததுதான்.

180 கிராம் என்பதும் ஒலித்தரம் அல்ல. கனத்த தட்டு எளிதில் வளையாது, அவ்வளவுதான். பழைய எல்பி 120 முதல் 140 கிராமில் அருமையாக ஒலிக்கும். ஒரு பக்கம் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 20 நிமிடம் வரை சுகம், 25-ஐத் தாண்டினால் வரிகளை நெருக்கி ஒலியளவைக் குறைத்திருப்பார்கள்.

பின்னணி இசை என்று விற்கும் தமிழ் மறுபதிப்புகளில் இன்னும் கவனம். படப்பிரதியின் ஆப்டிகல் ஒலித்தடத்திலிருந்து (பிலிம் ஓரத்தில் ஒளியால் பதிந்தது) எடுத்தால் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் இருக்காது. அது இயல்பு, அதற்காகத் தள்ள வேண்டாம். ஆனால் அதை ஸ்டீரியோ என்று விற்றால், மேல் ஒலியை ஒரு காதுக்கும் கீழ் ஒலியை மறு காதுக்கும் பிரித்த போலி ஸ்டீரியோவாக இருக்கலாம். மோனோவுக்கு மாற்றிக் கேளுங்கள். ஒலி மெலிந்து குழிந்தால் வாங்காதீர்கள்.

வெளிநாட்டுப் படங்களின் பின்னணி இசையும் சேர்ப்பீர்களானால் அங்கே 'லிமிடெட்' என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. இன்ட்ராடா, லா-லா லேண்ட், ஃபிலிம் ஸ்கோர் மந்த்லி போன்ற நிறுவனங்களின் குறுந்தகடுகளில் 3,000 பிரதி என்ற எண் அடிக்கடி வந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய மறுபயன்பாட்டுக் கட்டணம், அந்த எண்ணிக்கைக்குள் இருந்தால் குறைவாக இருந்தது. 'தீர்ந்துவிட்டது' என்றதும் மும்மடங்கு விலை கொடுக்காதீர்கள். பல தலைப்புகள் பிறகு விரிவாக மறுபடி வந்திருக்கின்றன. பழைய குறுந்தகடு வாங்கினால் 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிடிஓ ஆலையில் அச்சானதா என்று உள்வளையத்தில் பாருங்கள். அவற்றில் பல விளிம்பிலிருந்து செம்புநிறமாகிப் படிக்க முடியாமல் போகின்றன. இறக்குமதித் தீர்வை தபால் செலவையும் சேர்த்த மதிப்பின்மேல் விழும், அதையும் கணக்கில் வையுங்கள்.

குடந்தை_எல்பி:

நன்றி சார், நன்றி அண்ணே. மொத்தமாக எடுக்கலாம் என்று தோன்றுகிறது. பூஞ்சையும் ஒட்டிய உறைகளும்தான் பயமாக இருக்கின்றன. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் என்ன செய்து வைக்க வேண்டும்? ஃபெவிகால் பூசி உரித்தால் சுத்தமாகிவிடும் என்கிறார்களே, செய்யலாமா?

நாகை_கடற்காற்று:

ஃபெவிகால் வேண்டாம் தம்பி. முழுதாக உரிந்தால் அழகாக வரும், நடுவில் ஒரு துணுக்கு கிழிந்து வரிக்குள் நின்றால் அதை எடுக்க வழியில்லை. நம் ஊர் ஈரத்தில் அது சீராகக் காயவும் காயாது.

முதலில் வீட்டுக்குள் கொண்டுபோகாமல் திண்ணையில் வைத்துப் பிரியுங்கள், முகக்கவசத்தோடு. பழைய உள்ளுறைக் காகிதம் எல்லாம் குப்பைக்கு. பூஞ்சை தங்குவது அதில்தான். எழுத்தோ படமோ அச்சான உள்ளுறை மட்டும் தனியாகக் காயவைத்துப் பின்னால் வையுங்கள். ஒட்டிய உறையைப் பிடித்து இழுக்காதீர்கள். வினைல் என்றால் லேபிளை மூடிக்கொண்டு, ஒட்டிய இடத்தில் காய்ச்சி வடித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால் காகிதம் தானே இளகும்.

வினைல் கழுவும் கலவை: காய்ச்சி வடித்த தண்ணீர் 800 மில்லி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 200 மில்லி, பேபி ஷாம்பு இரண்டு சொட்டு. 78-ஐ இதன் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம், மாயவரம் அண்ணன் சொன்னதை அப்படியே செய்யுங்கள். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் கூடாது. கடலோரம் உப்பு, உள்ளே போனால் சுண்ணாம்பு, காய்ந்ததும் வரிக்குள் வெள்ளையாக நிற்கும். ஆர்.ஓ. தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சம் உண்டு. பேட்டரிக் கடையில் வாங்கினால் 'டிஸ்டில்ட் வாட்டர்' என்று கேட்டு, ஆசிட் கலக்காததா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். லேபிள்மேல் பிளாஸ்டிக் டப்பா மூடியைக் கவிழ்த்து, வரியோடு பிரஷ் ஓட்டி, கடைசியில் வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசுங்கள். இந்த அலசலை விட்டால் ஷாம்பு படிந்து ஊசியில் பஞ்சுபோல் திரளும். பாத்திரம் வைக்கும் தட்டு ஸ்டாண்டில் நிழலில் நிறுத்துங்கள், வெயிலில் பத்து நிமிடம் போதும் வளைய.

புது உள்ளுறை பாலித்தீன் பூசியதாக இருக்கட்டும். கனமான, வழவழப்பான பிவிசி உறையைத் தொடாதீர்கள். அதிலிருந்து கசியும் பொருள் தட்டின்மேல் பனிப்படலமாகப் படியும், கழுவினாலும் போகாது.

வைக்கும் இடம்தான் நம் பக்கத்தில் எல்லாமே. மழைக்காலத்தில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும், தட்டுக்கு வேண்டியது 40 முதல் 50. திறந்த அலமாரியில் சிலிக்கா ஜெல் போடுவது வீண். மூடி இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் பெட்டியில், 40 எல்பிக்கு 250 கிராம் ஜெல்லும் ஒரு சிறிய ஈரமானியும் வையுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானதும் 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் காயவைத்து மறுபடி போடலாம். தட்டும் அட்டையும் நன்றாகக் காயாமல் மூடினால் பெட்டியே பூஞ்சை வளர்க்கும். கழுவிய பிறகு இரண்டு நாள் விட்டு மூடுங்கள். வெளிச்சுவரை ஒட்டாமல் நாலு விரற்கடை இடம், தரையிலிருந்து குறைந்தது ஓர் அடி உயரம். அந்துருண்டை, வேப்பிலை இரண்டும் வேண்டாம். ஆவி பிளாஸ்டிக்கில் படியும், இலை அட்டையில் கறை வைக்கும்.

ஆரூர்_ஊசிமுனை:

அக்கா சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அட்டையோடு ஒரு எல்பி கால் கிலோ வரும், 140 என்றால் 35 கிலோ. பிளைவுட் பலகையில் மூன்று அடிக்கு ஒரு தாங்கு கொடுங்கள், நடுவில் தொய்ந்தால் தட்டுகள் சாய்ந்து வளையும். தேய்ந்த தட்டுகளைத் தூக்கிப் போடுமுன் மைக்ரோலைன் ஊசியில் (நுனி மிக மெல்லிய ஊசி) ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பழைய உருண்டை ஊசி தொடாத உயரத்தில் அது வரிச்சுவரைப் பிடிக்கும், கிழிசல் பாதியாகக் குறைவது உண்டு. 78 முனை நசுக்கியதற்கும் சில சமயம் இது உதவும், கழுவல்தான் உதவாது.